இளமையில் அச்சம்

மெய்ப்பாடு எட்டெனத் தொகுத்த தொல்காப்பியர், அவற்றுள் ஒன்றாகிய அச்சம் நான்கு வழியாற் பிறக்கும் என்றார். வருத்தும் தெய்வம், விலங்கு, கள்வர், தம்மை ஆளும் தலைவர் என்பன அந்நான்கு. உள்ளத்து நிகழ்வது உடலிற் புலப்படுதலே மெய்ப்பாடு என மாணவர்க்குப் பல ஆண்டுகளாக விளக்கி வருகின்றேன். மெய் நடுங்குதலும் வியர்த்தலும் சிறிது பொழுதில் நீங்கிவிடும். ஆயின், குழந்தைப் பருவத்தில் நெடுநாள் அஞ்சியவனுடைய மெய், அஞ்சத்தக்கது அகன்ற பின்னரும் அஞ்சிக்கொண்டே இருக்குமோ? இவ்வினாவுக்கு இக்கால உடலியலார் தரும் விடை, திருகோணமலையில் ஆசிரியத் தொழில் புரியும் என் போன்றார் சிந்திக்கற்பாலது.

நம் துறைமுகத்தின் இயற்கைச் சிறப்பை உலகம் புகழும். அச்சிறப்பே 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானியக் குண்டு விமானங்களை இங்கு அழைத்து வந்தது. பின்னர் உள்நாட்டுப் போர் வந்தது. 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கிக் கிண்ணியா, மூதூர்க் கரைகளை அழித்தது. 2006இல் மாவிலாற்று அணைக்கதவை ஒட்டி மூண்ட சண்டை மூதூரையும் சம்பூரையும் சூழ்ந்தது. சம்பூர் மக்கள் மட்டக்களப்புக்கும், பின்னர்க் கிளிவெட்டி முதலிய முகாம்களுக்கும் அலைந்து, 2015 முதலே தம் நிலத்துக்கு மீளத் தொடங்கினர். இடம்பெயர்ந்தபோது மடியிலிருந்த குழந்தை, மீண்டபோது ஒன்பது வயதை எட்டியிருந்தது. அக்குழந்தைகள் இன்று இளைஞராயினர். அவர்க்கு மூத்தோர் பலர் பெற்றோராகித் தம் பிள்ளைகளை நம்மிடம் அனுப்புகின்றனர்.

அச்சம் தோன்றியதும் உடலில் நிகழ்வது யாது? மூளையின் அடிப்பகுதியிலிருந்து கபச் சுரப்பிக்கும், அதிலிருந்து சிறுநீரகத்தின் மேலமைந்த அதிரீனல் சுரப்பிக்கும் செய்தி செல்லும். அதிரீனல் சுரப்பி கோட்டிசோல் என்னும் ஓமோனைக் குருதியிற் கலக்கும். குருதியில் சர்க்கரை பெருகும். ஓடவோ எதிர்க்கவோ உடல் ஆயத்தமாகும். இடர் நீங்கியதும் அவ்வோமோனே மூளையை அடைந்து 'இனிப் போதும்' என உணர்த்த, சுரப்பு அடங்கும். இஃது உயிர் காக்கும் ஏற்பாடு.

ஆனால், வளரும் பருவத்தில் அச்சம் நாள்தோறும் தொடருமாயின் இவ்வேற்பாடு நிலை குலையும். சிலரிடம் சுரப்பு எளிதில் அடங்காது. நெடிது துன்புற்ற வேறு சிலரிடமோ வேண்டிய பொழுதிலும் எழாது மங்கிவிடும். புதிய நினைவுகளை அமைக்கும் ஹிப்போகாம்பஸ் என்னும் மூளைப்பகுதி மிகுந்த கோட்டிசோலால் தாக்குறும். இடரை உணரும் அமிக்டலா சிற்றொலிக்கும் விழித்தெழும். கவனத்தையும் பொறுமையையும் ஆளும் முன்மூளையோ இருபது வயது கடந்தும் வளர்வது. ஆதலின் நெடுங்காலம் ஊறு படத்தக்கது. நேற்றுப் படித்த செய்யுளை இன்று மறப்பவனையும், கதவு அறைபடும் ஓசைக்குத் துள்ளி எழுபவனையும் சோம்பேறி என்றும் குழப்படிகாரன் என்றும் அழைக்கின்றோமே, அவருள் சிலரேனும் இவ்வகையினர் ஆதல் கூடும்.

போர்தான் ஓய்ந்துவிட்டதே என்பார்க்கு ஒன்று சொல்வேன். வடகிழக்கில் 296 தமிழ் மாணவரை ஆராய்ந்து 2008இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், நூற்றுக்கு 82 பேர் போர்த்துன்பம் ஒன்றையேனும் கண்டிருந்தனர். நூற்றுக்கு 95க்கு மேற்பட்டோர் வீட்டிலேயே வன்மையான நடத்தை ஒன்றையேனும் பட்டிருந்தனர். தந்தையின் குடியும், முன்னர்ப் பட்ட போர்த்துன்பமும் வீட்டுக் கொடுமையோடு தொடர்புற்றிருந்தன. போர் களத்தோடு நில்லாமல் வீட்டின் உள்ளும் புகுந்துவிட்டது என்பதே இதனாற் பெறப்படுவது.

இனித் தொல்காப்பியர் கூறிய நான்காம் அச்சத்துக்கு வருவோம். சிறுவனை ஆளும் தலைவர் யாவர்? வீட்டில் பெற்றோர், வகுப்பில் நாம். நம் கையிலுள்ள பிரம்பைக் கண்டு சுரக்கும் கோட்டிசோலும், எறிகணை ஓசைக்குச் சுரந்த கோட்டிசோலும் ஒன்றே. பாடசாலையில் உடற்றண்டனை ஆகாதெனக் கல்வி அமைச்சு 2005இலேயே சுற்றறிக்கை விடுத்தது. 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம், மாணவன் ஒருவனை ஆசிரியர் அறைந்தது அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையை மீறிய செயல் எனத் தீர்த்தது. ஆயினும், 'அடியாத மாடு படியாது' என்னும் பழமொழியை ஆசிரியர் அறைகளில் இன்றும் கேட்கின்றேன். மாட்டுக்குச் சொன்னதை மாணவனுக்கு ஏற்றுதல் தகுமா?

துன்புற்ற குழந்தை இனித் தேறாது எனக் கைவிடுதலும் பிழையாகும். உருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில், விடுதிகளிற் கைவிடப்பட்ட 136 குழந்தைகளை ஓர் ஆய்வுக்குழு 2000ஆம் ஆண்டளவில் ஆராயத் தொடங்கி, பாதிப்பேரைத் திருவுளச்சீட்டு முறையால் வளர்ப்புக் குடும்பங்களிற் சேர்த்தது. ஆண்டுகள் பல கழித்துச் சோதித்தபோது, விடுதி வாழ்வே தொடர்ந்தோரின் கோட்டிசோல் மங்கியிருந்தது. இரண்டு வயதுக்கு முன்பே குடும்பம் பெற்றோரின் உடலோ, பெற்றோரிடம் வளர்ந்த பிள்ளைகளின் உடலைப் பெரிதும் ஒத்து இயங்கியது. காலத்தே கிட்டிய அன்பு உடலையும் திருத்தும் என்பதற்கு இது சான்று.

மருத்துவர் செய்வது மருத்துவர்க்கே உரியது. நாம் செய்யத்தக்கவை சிறியன: நேரந்தவறாத பாடவேளை, உயராத குரல், பெயர் சொல்லி அழைத்தல், மறந்த பாடத்தை மறுமுறை கற்பித்தல். அஞ்சாமைக்கு வேண்டுவது, நாளை என்ன நிகழும் என முன்னறியக் கூடிய ஒரு நாள். வீட்டில் அது கிட்டாத பிள்ளைக்குப் பாடசாலையேனும் அதனை வழங்குக. இலக்கணம் அதன்பின் தானே மனத்திற் பதியும்.