பிள்ளைக்கு மட்டும் சிகிச்சை போதாது

வெள்ளமோ விபத்தோ வீட்டுக்குள் நடந்த வன்முறையோ, பயந்துபோன பிள்ளையைத் தாம்பரத்தை அடுத்த ராஜகீழ்ப்பாக்கத்தில் இன்றும் பலர் முதலில் மந்திரிக்கத்தான் கூட்டிப்போகிறார்கள். அதை நான் பழிக்கமாட்டேன். அங்கே பிள்ளையோடு தாயும் பாட்டியும் சேர்ந்து உட்காருகிறார்கள். கவுன்சிலிங் அறைக்குப் போனால், தாய் பெரும்பாலும் வெளியே பெஞ்சில் காத்திருக்கிறாள்.

பேச்சு, விளையாட்டு, ஓவியம், மூச்சுப்பயிற்சி என்று பல முறைகளை இணைத்தால் பலன் கூடும் என்கிறார்கள். எதோடு எதை இணைப்பது?

முதலில், ஒவ்வொரு முறையும் தனியாக எவ்வளவு உதவும் என்பதற்கு ஈழத்துப் பிள்ளைகளிடமிருந்தே பதில் கிடைத்திருக்கிறது. போரும் சுனாமியும் அடுத்தடுத்துத் தாக்கிய இலங்கையின் வடகிழக்கில், 8 முதல் 14 வயதுவரையான 31 பிள்ளைகளுக்கு உள்ளூர் ஆலோசகர்கள் 6 அமர்வுகள் நடத்தினார்கள். ஒரு பகுதியினர் நடந்ததை வரிசையாகச் சொன்னார்கள். மற்றவர்கள் தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்தார்கள். ஆறு மாதம் கழித்து முதல் பிரிவில் 81 சதவீதமும் இரண்டாவதில் 71 சதவீதமும் தேறியிருந்தார்கள். இரண்டுமே உதவின.

ஆனால், முறைகளைக் கலந்து பார்த்த, 2012-இல் வெளியான இன்னொரு ஆய்வு என்னை நெடுநேரம் யோசிக்கவைத்தது. வட இலங்கைப் பள்ளிகளில் 399 பிள்ளைகள். சிந்தனைப் பயிற்சியையும் கலை வெளிப்பாட்டையும் கலந்த 15 அமர்வுகள். முரட்டுத்தனம் குறைந்தது. மனக்காய அறிகுறிகளிலோ, பயிற்சி பெற்ற பெண்பிள்ளைகள் பெறாதவர்களைவிடக் குறைவாகவே தேறினார்கள். போர் நெருக்கடி குறைவாக இருந்த பிள்ளைகளுக்கே பயிற்சி நன்றாகப் பலித்தது. அப்படியானால் வகுப்பறையில் எத்தனை முறைகளைக் கலந்தாலும், பிள்ளை திரும்பிப்போகும் இடம் மாறாவிட்டால் பாதிதான் கைகூடும்.

அந்த இடத்தையும் சேர்த்துக்கொள்ளும் வழி உண்டு. மனக்காயப்பட்ட பிள்ளைகளுக்காக அமெரிக்காவில் ஜூடித் கோஹன், அந்தோணி மன்னரினோ, எஸ்தர் டெப்ளிங்கர் உருவாக்கிய சிகிச்சையில் ஏறக்குறைய பாதி நேரம் பெற்றோருக்கே ஒதுக்கப்படுகிறது. கடைசிக் கட்டத்தில், தனக்கு நடந்ததைப் பிள்ளை அவர்கள் முன்பாகவே சொல்கிறது. கேட்டு நொறுங்காமல் இருக்கத் தாய்க்கு முன்கூட்டியே துணைநிற்கிறார்கள்.

நம் பக்கம்? பிள்ளைக்கு எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை, தாய்க்குக் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் என்றானால் இரண்டு நாள் கூலி போகும். தாம்பரம் மாநகராட்சியின் சுகாதார நிலையங்களில் வாரம் ஒரு மாலை, பிள்ளைக்கும் பெற்றோருக்கும் ஒரே குழு உட்கார வேண்டும். அந்தக் குழு பள்ளி ஆசிரியரிடமும் பேச வேண்டும். தகப்பன் குடிப்பவர் என்றால், அவருக்கான சிகிச்சையையும் அதே குழுதான் தொடங்கிவைக்க வேண்டும்.