கை பழகும்வரை



1990களில் வன்னியில் பொருளாதாரத் தடை இருந்த நாட்களை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்கள்தான் அன்று ஊரெல்லாம். புகையைக் கக்கிக்கொண்டு மெல்லத்தான் போகும். குழி விழுந்த வீதியும் வேகத்துக்கு விடாது.

2009இல் போர் முடிந்தபின் ஏ9 வீதியும் மாங்குளம் - முல்லைத்தீவு வீதியும் காபட் வீதிகளாகிவிட்டன. வண்டிகளும் பெரிதாகிவிட்டன. ஸ்கூட்டியில் ஓடித் திரிந்த மகன் இப்போது 150 சிசி பைக் கேட்கிறான். வாப்பா லீசிங் பற்றி விசாரிக்கிறார். உம்மாவுக்கோ நெஞ்சு படபடக்கிறது.

பெரிய பைக் என்பதாலேயே ஆபத்து வந்துவிடாது, சகோதரிகளே. கை பழகுமுன் அவசரப்படுவதில்தான் ஆபத்து இருக்கிறது.

ஸ்கூட்டியில் இரண்டு பிரேக்கும் கையில். கியர் பைக்கில் இடது கையில் இருப்பது கிளச். பின் பிரேக் வலது காலில். திடீரென ஒரு மாடு குறுக்கே வந்தால், ஸ்கூட்டிக்குப் பழகிய இடது கை தன்னையறியாமல் கிளச்சைப் பிடிக்கும். வண்டி நிற்காது, உருண்டுகொண்டே போகும். பாரமும் வேறு: சிறிய ஸ்கூட்டி 100 கிலோவுக்கும் குறைவு; 150 சிசி பைக் ஏறக்குறைய 140 கிலோ. சாய்ந்தால் கால் தாங்காது.

60 கிலோமீற்றர் வேகத்தில் போகும் வண்டி ஒரு வினாடியில் ஏறக்குறைய 17 மீற்றர் கடந்துவிடும். வேகம் 40இலிருந்து 60 ஆனால், பிரேக் பிடித்து நிற்கத் தேவைப்படும் தூரம் இரண்டு மடங்குக்கும் அதிகமாகிறது. நம் வீதிகளிலோ இரவில் மாடுகள் படுத்திருக்கும். அறுவடைக் காலத்தில் ஓரமெல்லாம் நெல் காயும். நெல்மணியில் சக்கரம் வழுக்கும்.

ஆகவே பைக் வீட்டுக்கு வருமுன்னரே சிலவற்றைப் பேசி முடிவு செய்யுங்கள். 'ஏ1' லைசன்ஸ் 100 சிசி வரைக்கும்தான். இதற்கு 'ஏ' வகுப்பு வேண்டும். முதல் சில நாட்கள் வெறும் மைதானத்தில் ஓடட்டும். நிறுத்தி, திருப்பி, திடீர் பிரேக் பிடித்துப் பழகட்டும். முதல் மாதம் இரவு ஓட்டமும் வேண்டாம், பின்னால் ஆளும் வேண்டாம். ஆள் ஏறினால் பாரம் கூடும், நிற்கும் தூரமும் நீளும்.

பிறகு நீங்கள் ஏறும்போது அபாயாவின் ஓரத்தையும் சால்வை நுனியையும் சுருட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள். செயினிலோ சக்கரத்திலோ சிக்கினால் ஒரு நொடிதான். சாறி கார்ட்டைக் கழற்ற விடாதீர்கள். ஹெல்மட் இருவருக்கும் வேண்டும், வார் பூட்டியபடி. சின்னப் பிள்ளையைப் பெற்றோல் டாங்கியில் இருத்தாதீர்கள்.

கடைசியாக ஒன்று. "பஸ் போயிடும் மகன், கெதியாப் போ", "கடைக்குப் போய் ஓடி வா" என்று சொல்வது யார்? பெரும்பாலும் நாம்தானே! அவனுடைய அவசரத்தில் பாதி நம் அடுப்படியிலிருந்துதான் போகிறது. நாளை அவன் சாவியை எடுக்கும்போது, "சுணங்கினாலும் பரவாயில்லை, மெல்லப் போய் வா" என்று சொல்லிப் பாருங்கள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம்.