ஜீவ ரசாயனப் பட்டமும் கடன் பத்திரமும்

பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிவு வெளியானதும் நம் நாட்டில் பல குடும்பங்களில் ஒரே விவாதம் நடக்கிறது. வைத்தியக் கல்லூரியில் இடம் கிடைக்காத பிள்ளை ஜீவ ரசாயனம் படிக்கட்டும் என்று தகப்பனார் தீர்மானிக்கிறார். அரசாங்கக் கலாசாலையில் இடமில்லையெனில் தனியார் கலாசாலை. கையில் பணமில்லையெனில் பாங்கிக் கடன். இம்மூன்று தீர்மானங்களும் ஒரு வாரத்திற்குள் முடிந்துவிடுகின்றன. மூன்றாவதன் பலனோ பதினைந்து வருஷம் வரையில் தொடரக்கூடியது.

கணக்கைப் பார்ப்போம். வருஷத்திற்கு ரூ. 1 லட்சம் வீதம் மூன்று வருஷப் படிப்பிற்கு ரூ. 3 லட்சம், நூற்றுக்குப் பத்து வட்டியில் வாங்கியதாக வைத்துக்கொள்வோம். படிப்புக் காலமும் அதற்குப்பின் ஒரு வருஷமும் தவணை கேட்கப்படுவதில்லை. ஆனால் வட்டி உறங்குவதில்லை. முதல் லட்சத்திற்கு நான்கு வருஷம், இரண்டாவதற்கு மூன்று, கடைசி லட்சத்திற்கு இரண்டு என்று தனிவட்டியே ரூ. 90,000 ஏறி, முதல் தவணை வரும் நாளில் கடன் ரூ. 3,90,000 ஆக நிற்கும். அதைப் பத்து வருஷத்தில் தீர்க்க மாதம் சுமார் ரூ. 5,150 வேண்டும். பதினைந்து வருஷத்திற்கு நீட்டினால் மாதம் ரூ. 4,190 போதும், கட்டி முடிக்கும் மொத்தத் தொகையோ ஏறக்குறைய ரூ. 7½ லட்சம்! சிறிய தவணையைக் கண்டு மகிழ்வோர் இந்தக் கடைசி எண்ணையும் பார்ப்பது நலம்.

இனி வரவுப் பக்கம். பி.எஸ்ஸி. ஜீவ ரசாயனம் மட்டும் படித்தவர் ஆஸ்பத்திரிப் பரிசோதனைச் சாலைக்குச் சென்றால், அங்கே கைத்தேர்ச்சியுடன் லாப் டெக்னீஷியன் டிப்ளொமா பெற்றவர் முன்னால் நிற்கிறார். மருந்துத் தொழிற்சாலைக்குச் சென்றால் பார்மஸி படித்தவரும் ரசாயனம் படித்தவரும் அதே வாசலில் காத்திருக்கிறார்கள். முதற் சம்பளம் மாதம் ரூ. 15,000 என்று கொண்டால், அதில் மூன்றில் ஒரு பங்கு பாங்கிக்குப் போகும். மிச்சத்தில் சென்னையிலோ ஹைதராபாத்திலோ அறை வாடகையும் சாப்பாடும் பஸ் செலவும் ஆக வேண்டும். வீட்டுக்கு அனுப்புவதைப் பற்றிப் பேச்சே இல்லை.

இப்படிப்பு பயனற்றது என்பது நம் அபிப்பிராயமன்று. 1921-ல் பெங்களூர் விஞ்ஞானக் கழகத்தில் ஜீவ ரசாயனத்திற்குத் தனி இலாகா ஏற்பட்ட நாள் முதல் இத்துறை தேசத்திற்குச் செய்துள்ள தொண்டு பெரிது. குறை காலத்தில் இருக்கிறது. இப்பட்டத்தின் மதிப்பு எம்.எஸ்ஸி.க்குப் பிறகே விளங்குகிறது. அதன்பின் தேசியத் தகுதித் தேர்வில் ஆராய்ச்சி உபகாரச் சம்பளத்திற்குத் தேறினால் முதல் இரண்டு வருஷம் மாதம் ரூ. 37,000, பிறகு ரூ. 42,000 என்று 2023 ஜனவரி முதல் விகிதம் நிர்ணயமாகியிருக்கிறது. தேறுவோர் எழுதுவோரில் சிறு பகுதியினரே. ஆக, விளைச்சல் ஐந்து வருஷத்திற்குப் பின். கடன்காரர் கதவைத் தட்டுவதோ நான்காம் வருஷ முடிவில். மேற்படிப்பிற்காகத் தவணையைத் தள்ளிவைக்கப் பாங்கி இசைந்தாலும், பழைய ரூ. 3 லட்சத்தின் மீது வருஷத்திற்கு ரூ. 30,000 வட்டி ஏறும், எம்.எஸ்ஸி. செலவு வேறு.

வக்கீல் என்ற முறையிலும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. பிள்ளைக்கு ஜாமீன் நிற்பதாக நினைத்துப் பல தகப்பனார்கள் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திடுகிறார்கள். 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 43-ஆம் பிரிவுப்படி, கூட்டாக வாக்களித்தவர்களில் எவரிடமிருந்தும் முழுத் தொகையையும் கேட்கலாம். மகனுக்கு வேலை இல்லை என்பது தகப்பனாருக்கு எதிர்வாதமாகாது.

மத்திய சர்க்காரின் உதவி எங்கே என்று கேட்கலாம். வருஷ வருமானம் ரூ. 4½ லட்சத்திற்கு உட்பட்ட குடும்பங்களுக்குப் படிப்புக் கால வட்டியைச் சர்க்கார் ஏற்கும் 2009-ஆம் வருஷத் திட்டம் தொழிற்கல்விக்கும் தொழில்நுட்பக் கல்விக்குமே உரியது. சாதாரண விஞ்ஞானப் பட்டம் அதில் சேராது. 2024-ல் வந்த வித்யாலக்ஷ்மி திட்டம் தரவரிசையில் உயர்ந்த கலாசாலைகளுக்கு மட்டும். ஏழைப் பிள்ளைக்குக் கிடைக்கும் சிற்றூர்த் தனியார் கலாசாலை இரண்டுக்கும் வெளியே நிற்கிறது. இங்கிலாந்தில் 2023 ஆகஸ்டு முதல் சேர்ந்தவர்கள் வருஷம் 25,000 பவுனுக்கு மேல் சம்பாதிக்கும் தொகையில் நூற்றுக்கு ஒன்பது கட்டினால் போதும். நாற்பது வருஷத்திற்குப் பின் மிச்சம் தள்ளுபடியாகிறது. அங்கும் குறைகள் உண்டு, நாற்பது வருஷமும் சிறிதன்று. ஆயினும் சம்பளத்தைப் பார்த்துத் தவணை கேட்கிறார்கள். இங்கோ தவணையைக் காட்டிச் சம்பளம் தேடச் சொல்கிறோம்.

அந்த முறை இங்கு வரும் வரையில், பெற்றோர்கள் அரசாங்கக் கலாசாலை இடத்திற்காக இறுதிச் சுற்றுவரை காத்திருக்கட்டும். தமிழ்நாட்டில் அரசாங்கப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தோருக்கு மாதம் ரூ. 1,000 உதவியும் உண்டு. எம்.எஸ்ஸி. வரை படிக்க வைக்க இயலுமா என்பதை முதலிலேயே வீட்டில் பேசி முடிக்கட்டும். பணம் வாங்கும் கலாசாலைகள், சென்ற மூன்று வருஷங்களில் இப்பட்டம் பெற்றவர்கள் எங்கே, என்ன சம்பளத்தில் இருக்கிறார்கள் என்பதை விண்ணப்பப் படிவத்திலேயே அச்சிட வேண்டும் என்று சர்க்கார் உத்தரவிடட்டும். பாங்கிகளும் முதல் தவணை நாளில் நிற்கப்போகும் கடன் தொகையைத் தமிழில் எழுதி, கையெழுத்து வாங்குமுன் தகப்பனாரிடம் கொடுக்கட்டும்.