குனிந்த தலை நிமிரட்டும்!

இவ்விதழில் மொழியைப் பற்றி எழுதுவோர் உண்டு. இலக்கியத்தைப் பற்றி எழுதுவோர் உண்டு. நாட்டு நடப்பைப் பற்றி எழுதுவோரும் உண்டு. நான் எழுத வந்திருப்பதோ கழுத்தைப் பற்றி! நகைக்க வேண்டாம். இக்கட்டுரையை இப்போது எப்படி உட்கார்ந்து படிக்கிறீர்கள் என்று ஒருமுறை உங்களையே பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு நகைக்கலாம்.

என் ஊர் சத்தியவேடு. செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்த அவ்வூர் 1960 ஏப்ரல் முதல் நாள் ஆந்திரத்தோடு சேர்ந்தது. வீடு நகரவில்லை, எல்லை நகர்ந்தது. 2011-இல் எங்களுக்குத் தெற்கே, திருவள்ளூரை அடுத்த காக்களூரில் தமிழ்நாட்டு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கப்பட்டபோது, அது எல்லைக்கு அப்பாலிருந்த எங்களுக்கு இல்லை. ஊத்துக்கோட்டையில் இருந்த என் அத்தை மகனுக்குக் கிடைத்தது. விடுமுறைக்கு அவன் அதைக் கொண்டுவந்தபோது தெருவே கூடி நின்று பார்த்தது. கூடத்துத் தரையில் வைத்து, கொக்கு மீனைப் பார்ப்பதுபோல் குனிந்து அவன் தட்டிக்கொண்டிருந்தான். “நிமிர்ந்து உட்காரடா” என்றார் என் பாட்டி. அந்த வீட்டில் அக்கருவியைப் பற்றி ஒன்றும் அறியாதவர் அவர் ஒருவரே. சரியானதைச் சொன்னவரும் அவர் ஒருவரே!

இன்று நிலை மாறிவிட்டது. எங்கள் வயற்புறத்தில் ஸ்ரீசிட்டி எழுந்தது. 2013-இல் அங்கே இந்தியத் தகவல் தொழில்நுட்பக் கழகமும் வந்தது. ஏர் பிடித்தவர் வீட்டுப் பிள்ளைகள் மடிக்கணினியைப் பிடிக்கிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் ஏர் பிடித்த தந்தைக்கு ஐம்பது வயதில் வந்த முதுகுவலி, மகனுக்கு இருபதிலேயே வருவானேன்?

என் கதையைச் சொல்கிறேன். சென்ற ஆண்டு ஆய்வேட்டை முடிக்க வேண்டி இரண்டு மாதம் விடுதிக் கட்டிலிலேயே கிடந்தேன். தலையணை முதுகுக்கு, மடிக்கணினி மடிக்கு. முதலில் கழுத்து இறுகியது. பிறகு வலக்கைப் பெருவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்தன. உழைப்பின் அடையாளம் என்று பெருமையாகக்கூட எண்ணினேன். தேர்வுக்கு முந்திய வாரம் பேனாவைப் பிடிக்க முடியவில்லை! வரிக்கு வரி கையை உதறி உதறித் தேர்வெழுதியவன் நான். தப்பினேன் என்றுதான் சொல்ல வேண்டும். வென்றேன் என்று சொல்வதற்கில்லை.

குறை எங்கே இருக்கிறது? கருவியின் அமைப்பிலேயே இருக்கிறது. 1981-இல் ஐ.பி.எம். வெளியிட்ட மேசைக் கணினியில் விசைப்பலகை ஒரு வடத்தால் இணைந்த தனி உறுப்பு. திரை கண்ணுக்கு நேரே இருக்கும். விசை கைக்கு நேரே இருக்கும். மடிக்கணினியிலோ இரண்டும் ஒட்டிப் பிறந்த இரட்டைப் பிள்ளைகள். கைக்கு ஏற்ப வைத்தால் கழுத்து குனிகிறது. கண்ணுக்கு ஏற்ப உயர்த்தினால் தோள் தூக்கிக்கொள்கிறது. விசைப்பலகை திரையிலிருந்து பிரிந்திருக்க வேண்டும் என்று ஐரோப்பிய நாடுகள் 1990-இலேயே விதி செய்தன. பணியிடத்தில் நெடுநேரம் பயன்படாத, கையில் எடுத்துச் செல்லும் கருவிகளுக்கு மட்டும் அதில் விலக்கு அளித்தன. பயணியின் சிறுபொழுதுக்கு என்று விலக்கப்பட்ட கருவியை நாம் பகலெல்லாம், இரவெல்லாம் கட்டிக்கொண்டு அழுகிறோம்!

நிமிர்ந்த தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. அது 60 பாகை குனிந்தால் கழுத்தின்மேல் விழும் சுமை சுமார் 27 கிலோ என்று, நியூயார்க்கில் உள்ள முதுகெலும்பு அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-இல் கணக்கிட்டுக் காட்டினார். அது கணினி மாதிரியில் போட்ட கணக்குத்தான். ஆயினும் பொருள் விளங்குகிறது. ஒரு சிப்பம் அரிசியைப் பிடரியில் வைத்துக்கொண்டு பாடம் படிப்பவர் யார்?

“நம் முன்னோர் தரையில் அமர்ந்தே எழுதவில்லையா?” என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். எழுதினார்கள். ஆனால் எப்படி எழுதினார்கள்? ஓலையைக் கையில் ஏந்தி எழுதினார்கள். கணக்குப்பிள்ளை தம் முன்னே சாய்வு மேசையை வைத்துக்கொண்டார். ஏட்டைத் தம்மிடம் உயர்த்தினார். எங்கள் பக்கத்து நாராயணவனத்தில் நெசவாளர் குழித்தறியில் அமர்வதைப் பாருங்கள். கால் தொங்கி மிதிகட்டையில் படும்படி குழி வெட்டப்பட்டிருக்கும். நெசவாளருக்கும் முதுகுவலி உண்டு. வயிற்றுக்காக நாளெல்லாம் அமர்வதால் வருவது அது. ஆனால் தறி அவர் உடலுக்காக அமைந்தது. அவர் உடலைத் தறிக்காக முறுக்கவில்லை. நாமோ படித்தவர்கள்!

“இளம் உடல் தாங்கும்” என்பது இன்னொரு வாதம். இத்தாலிய மருத்துவர் ராமசினி தொழில்களால் வரும் நோய்களைப் பற்றி எழுதிய நூலில், 1713-ஆம் ஆண்டுப் பதிப்பில், எழுத்தர்களின் துன்பத்தையும் சேர்த்தார். ஓயாத அமர்வு, ஒரே திசையில் கையின் ஓயாத அசைவு, மனத்தின் இறுக்கம்: இம்மூன்றே காரணம் என்றார். முந்நூறு ஆண்டு கழிந்தது. இறகுப்பேனா போய் விசை வந்தது. காரணங்களில் ஏதேனும் போயிற்றா?

இனிச் செய்யத்தக்கதைச் சொல்வேன்.

திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு வரும்வரை மடிக்கணினியின் கீழே தடித்த புத்தகங்களை அடுக்குங்கள். படிக்காத பாடநூல்கள் அதற்காவது பயன்படட்டும்! தனி விசைப்பலகையும் சுட்டியும் இணையுங்கள். முழங்கை உடலை ஒட்டி, நேர்கோணத்தில் மடங்கி இருக்கட்டும். மணிக்கட்டு வளையாமல் இருக்கட்டும். கால் தரையில் படியாவிட்டால் ஒரு மணைப்பலகை போதும். இடுப்புக்குப் பின்னே சுருட்டிய துண்டு போதும். திரை ஒரு கை நீளத்தில் இருக்கட்டும். எழுத்து தெரியாவிட்டால் எழுத்தைப் பெரிதாக்குங்கள், கழுத்தை நீட்டாதீர்கள். சன்னல் பக்கவாட்டில் இருந்தால் கண் கூசாது. தரையில்தான் அமர்வேன் என்பவர் சுவரில் முதுகைச் சாய்த்து, ஒரு சிறு மேசைமேல் கருவியை வைத்துக்கொள்ளலாம்.

தனி விசைப்பலகை இல்லையா? விரிவுரை கேட்கும்போதும் படிக்கும்போதும் கருவியை உயர்த்துங்கள்; தட்டச்சுக்கு மட்டும் இறக்குங்கள்; அதையும் சிறு சிறு பொழுதாகப் பிரியுங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பால், 20 நொடி பாருங்கள். திரையைப் பார்க்கையில் நாம் இமைப்பது குறைகிறது. கண் எரிவதற்கு அதுவும் காரணம். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து தண்ணீர் குடித்து வாருங்கள். மரப்பு வந்தால் என்னைப்போல் மறைக்காதீர்கள், மருத்துவரிடம் செல்லுங்கள்.

மெத்தைமேல் வைத்தால் காற்றுத் துளை அடைபட்டுக் கருவி கொதிக்கும். மடியிலேயே வைத்துப் பழகிய 12 வயதுச் சிறுவனுக்குத் தொடையில் வெப்பத்தால் தோல் நிறம் மாறிய செய்தியைச் சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் 2010-இல் வெளியிட்டார்கள். மடிக்கணினி என்பது பெயர்தான். மடி அதற்கு இடமன்று! மின்னேற்றும்போது உலோக உடலில் சுருசுருவென்று உணர்ந்தால், அடாப்டரின் பின்னில் நிலத்தொடர்பு இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று பின் இருந்தும் அந்தச் சுருசுருப்பு நிற்கவில்லையானால், சுவரிலுள்ள இணைப்பைச் சோதிக்க மின்பணியாளரை அழையுங்கள்.

இவையெல்லாம் தனி மனிதர் செய்வன. சங்கம் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. ஆண்டு விழாவுக்குத் தோரணம் கட்டுகிறோம், மாலை வாங்குகிறோம், துண்டு போர்த்துகிறோம். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு விசைப்பலகையின் விலை சில நூறு ரூபாய். அச்செலவில் ஒரு பகுதியை எடுத்துப் பத்து விசைப்பலகைகள் வாங்கி, நூலகத்தில் நூல் தருவதுபோல் தேர்வுக் காலத்தில் இரவல் தரக்கூடாதா? படிப்பறைக்கு முதுகு தாங்கும் நாற்காலிகள் வேண்டுமென்று ஒரு விண்ணப்பம் எழுதி, எல்லோரும் கையொப்பமிட்டு, விடுதிப் பொறுப்பாளரிடம் தரக்கூடாதா? வசதியுள்ளவன் அறைக்கு நாற்காலியை வாங்கிக்கொள்வான். கட்டிலைத் தவிர வேறு இல்லாதவனுக்காகத்தானே சங்கம்?

தலை நிமிர்ந்து வாழ்வோம் என்று மேடைதோறும் முழங்குகிறோம். அந்த நிமிர்வு நம் படிப்பறையிலேயே தொடங்கட்டும். அடுத்த செயற்குழுவில் இத்தீர்மானத்தை நான் முன்மொழிவேன். வழிமொழிய வாருங்கள், தோழர்களே!