பெரிய மோட்டார் எதற்கு?

கணிப்பொறியில் கார்ப் பந்தயம் விளையாட, கைக்கு எதிர்விசை தரும் ஸ்டியரிங் சக்கரத்தை வீட்டிலேயே செய்ய விரும்புவோர், “எவ்வளவு பெரிய மோட்டார் பொருத்தலாம்?” என்றே முதலில் கேட்கிறார்கள். சக்கரம் எதை உணர்த்த வேண்டும் என்றல்லவா கேட்க வேண்டும்?

கார் வளைவில் திரும்பும்போது, முன்சக்கரங்கள் நேராகிவிட முயன்று ஸ்டியரிங்கை இழுக்கின்றன. டயர்கள் பிடிப்பை இழக்கத் தொடங்கும்போது அந்த இழுப்பு தளர்கிறது. ஓட்டுநருக்கு அதுவே எச்சரிக்கை. கணிப்பொறி இந்த இழுப்பைக் கணக்கிட்டு, மோட்டாரில் பாயும் மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கிறது.

இதற்கு 0.3 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையுள்ள சிறு மோட்டாரே போதும். பல்பட்டையால் வேகத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால், உராய்வு நீங்கலாக, 3 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். 15 செ.மீ. ஆரமுள்ள சக்கரத்தின் விளிம்பில் அது 20 நியூட்டன். ஏறத்தாழ 2 கிலோகிராம் எடையைத் தூக்குவதற்குச் சமம்!

மிச்சப் பணத்தில் கோணத்தை அளக்கும் நல்ல என்கோடர் வாங்குங்கள். சுற்றுக்கு 2400 படிகள் எண்ணினால் 0.15 பாகை அசைவும் தெரியும்.

பெரிய மோட்டார் திடீரெனச் சுழன்றால் கட்டைவிரலை முறித்துவிடும். சிறு மோட்டாரானாலும், மின்சாரத்தை நிறுத்தும் பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். குறைந்த மின்னோட்டத்தில் தொடங்குங்கள். வளைவில் இழுப்பு தளரும் கணத்தை உங்கள் கை கண்டுகொள்கிறதா என்று பாருங்கள்.