படத்தோடு பெயரையும் காப்போம்

லம்பா லைன், அந்தமானின் தலைநகரில் விமான நிலையத்தை ஒட்டி அமைந்த பகுதி. 2024 ஆம் ஆண்டு ஸ்ரீ விஜய புரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேர் நகரத்துக்குத் தொழில் தேடியும் பணி நிமித்தமாகவும் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல. சென்னைக்கும் இத்தீவுக்கும் இடையே ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கடல் கிடக்கிறது. ஆகவே பாட்டியின் முகத்தையும் சொந்த ஊரின் திருவிழாவையும் இங்குள்ள பிள்ளைகள் பெரும்பாலும் படங்களிலேயே காண்கின்றனர். அப்படங்கள் முன்போல் இரும்புப் பெட்டியில் இல்லை, கைப்பேசியில் உள்ளன. கைப்பேசி ஒன்றே அவற்றுக்கு உறைவிடமானால், அது பழுதாகும் நாளில் படங்களும் மறையும்.

அந்தமான் மக்களுக்கு இவ்வச்சம் புதிதன்று. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவை அடுத்த கடலடியில் 9.1 அளவில் நிலம் நடுங்கியது. எழுந்த பேரலைகள் நிக்கோபார் தீவுகளில் ஊர்களையே அழித்தன. தலைநகரை அடுத்த சிப்பிகாட் பகுதியில் நிலம் தாழ்ந்து, வயல்களுக்குள் கடல்நீர் புகுந்து நிலைத்தது. வீடு இழந்தோர் மீண்டும் வீடு கட்டலாம். மறைந்துபோன தாயின் ஒரே படத்தை மீண்டும் எடுக்க இயலாது.

ஒரே படியை நம்பியிருத்தல் தீது என்பதைத் தமிழர் வரலாறும் உணர்த்துகிறது. பனையோலை காலப்போக்கில் செல்லரிக்கும், ஒடியும். பழைய ஏடு சிதையுமுன் புதிய ஏட்டில் படியெடுத்தவர்கள் இருந்ததால்தான் சங்க நூல்கள் உ.வே. சாமிநாதையர் போன்றோர் கைக்கு வந்து அச்சேறின. படியெடுப்பார் இல்லாத நூல்கள் பெயரளவில் நின்றன. 1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் படி இல்லாத சுவடிகளும் அவற்றுள் இருந்தன. 2005 இல் தொடங்கிய நூலகம் என்னும் மின்னூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்படிகளாக்கிப் பாதுகாத்து வருகிறது.

"இணையச் சேமிப்பகம் இருக்கும்போது கவலை எதற்கு?" என்று சிலர் வினவுவர். அது நல்ல துணையே. எனினும் அதை மட்டும் நம்புதல் போதாது. சென்னையையும் அந்தமானையும் இணைக்கும் கடலடிக் கண்ணாடி இழை வடம் 2020 ஆகஸ்டு மாதத்தில்தான் பயன்பாட்டுக்கு வந்தது. அதன்பின்னரே இங்கு இணையம் விரைவு பெற்றது. நிறுவனங்களின் விதிகளும் மாறக்கூடியவை. கூகுள் போட்டோஸ் வரம்பின்றி வழங்கிய இலவச இடம் 2021 ஜூன் 1 முதல் நின்றது. கோடிக்கணக்கானோர் பயன்படுத்திய ஆர்குட் தளம் 2014 இல் மூடப்பட்டது. மேலும், கைப்பேசியும் சேமிப்பகமும் ஒத்திசையுமாறு அமைக்கப்பட்டிருந்தால், ஓரிடத்தில் அழித்த படம் மற்றோரிடத்திலும் அழிந்துவிடும். அது நிழலேயன்றி மறுபடி ஆகாது.

இதற்கு எளிய நெறி ஒன்று உண்டு. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் அதனைப் பரப்பினார். ஒவ்வொரு படத்துக்கும் மூன்று படிகள். அவை இருவகைச் சாதனங்களில். அவற்றுள் ஒன்று வேற்றிடத்தில். லம்பா லைனில் வாழும் குடும்பம் இதனை இவ்வாறு கைக்கொள்ளலாம்: ஒரு படி கணினியில், ஒரு படி வெளி வன்வட்டில், ஒரு படி தமிழ்நாட்டிலுள்ள மாமா வீட்டிலோ இணையத்திலோ. உப்புக்காற்றும் ஈரமும் மிகுந்த இத்தீவில் வன்வட்டை உலர்ந்த, மூடிய பெட்டியில் வைத்தல் வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை திறந்து, படங்கள் தெரிகின்றனவா என்று பார்த்தலும் வேண்டும்.

படி எடுப்பதோடு கடமை முடிந்துவிடாது. 2011 இல் ஜப்பானைக் கடற்கோள் தாக்கியபின், சேற்றில் கிடந்த இலட்சக்கணக்கான படங்களைத் தன்னார்வலர்கள் கழுவி, உலர்த்தி, உரியவரிடம் சேர்க்க முயன்றனர். படத்திலிருப்பவர் யாரென அறிந்தவர் வந்தபோதே அது வீடு திரும்பியது. பெயர் அறியப்படாத படம் காப்பாற்றப்பட்டும் அயலாருடையதாகவே நிற்கும்.

ஆதலால் படத்தோடு பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றை எழுதிவைத்தல் இன்றியமையாதது. அதனைத் தமிழில் எழுதுதல் சிறப்பு. 'அங்கிள்' என்று குறித்தால் அவர் சித்தப்பாவா, பெரியப்பாவா, தாய்மாமனா என்பது விளங்காது. உறவின் நுட்பம் தமிழ்ச்சொல்லில் இருக்கிறது. பள்ளியில் பயிலும் தமிழுக்கு வீட்டில் இதைவிடப் பயனுள்ள பணி அரிது.

எடுத்த படங்கள் அனைத்தையும் காக்க வேண்டும் என்பதில்லை. ஒரே காட்சியின் இருபது படங்களில் இரண்டு போதும். குவியலில் எதையும் தேட இயலாது; தேர்ந்தெடுத்து ஆண்டுவாரியாக அடுக்கிய நூறு படங்களே குடும்ப வரலாறாகும்.

இப்பணிக்குப் பிள்ளைகளே தகுதியானவர்கள். கருவிகளைக் கையாளும் திறன் அவர்களிடம் உள்ளது. படத்திலிருப்பவர் யாரென்ற அறிவு தாத்தா பாட்டியிடம் உள்ளது. வன்வட்டை என்று வேண்டுமானாலும் வாங்கலாம். முதியோரின் நினைவு அவ்வாறு காத்திராது. ஆகவே முதலில் கேட்க வேண்டியது பெயர்களையே.

சிந்தித்து எழுதுக

1. ஒத்திசைவு ஏன் மறுபடி ஆகாது?
2. 'அங்கிள்' என்னும் சொல் எவ்வெவ் உறவுகளை மறைக்கிறது?
3. உங்கள் வீட்டுப் பழைய படம் ஒன்றைப் பெரியவரிடம் காட்டி, அதிலுள்ளோர் பெயர், உறவு, ஊர், ஆண்டு ஆகியவற்றைத் தமிழில் எழுதி வருக.