சாகடிச்சது பாஸா, கேமராவா?

மக்களே, முதல்ல ஒரு கேள்வி. வைஸ் சிட்டியில அந்த ரிமோட் ஹெலிகாப்டர் மிஷனை முதல் தடவையிலேயே முடிச்சவங்க யாராவது இருக்கீங்களா? கை தூக்குங்க பார்ப்போம்.

யாரும் தூக்க மாட்டீங்கன்னு தெரியும். அந்த கேம் வந்தது 2002ல. நாம பால்வாடிக்குப் போறப்பவே அதுக்கு வயசாகிடுச்சு. ஆனாலும் சங்கரன்கோவில்ல நாங்க போற பிரவுசிங் சென்டர்ல எல்லா கம்ப்யூட்டர்லயும் அது இருக்கும். மணிக்கு 20 ரூபாய். அண்ணன் விளையாடுவான், நான் பக்கத்துல பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்ப்பேன். கட்டிக்கிட்டு இருக்கிற ஒரு பில்டிங். நாலு குண்டு, நாலு மாடி, ஒரு பொம்மை ஹெலிகாப்டர். ஏத்தி இறக்க ஒரு கை, சாய்ச்சு ஓட்ட நம்பர் பேட்ல இன்னொரு கை. உள்ள நுழைஞ்சதும் தூணு, படிக்கட்டு, அடிக்க வர்ற ஆளுங்க. நாம எந்தப் பக்கம் பார்த்துக்கிட்டு இருக்கோம்கிறதே குழப்பமாயிடும். கேம்ல ஒரு டைமர் ஓடும், சென்டர் அண்ணாச்சிகிட்ட இன்னொரு டைமர் ஓடும்.

தோத்தா பின்னாடி நிக்கிறவன் சொல்ற வசனம் ஒண்ணு இருக்கு. “உனக்கு வரலலே, எந்திரி.”

இந்தக் கட்டுரை அந்த ஒரு வசனத்தைப் பத்திதான்.

நான் சொல்ல வர்றது இதுதான்: கேம் கஷ்டமா இருக்கிறது தப்பே இல்ல. ஆனா கண்ணுக்குத் தெரியாத அடியில சாகிறது கஷ்டம் இல்ல, அது கேம்ல இருக்கிற ஓட்டை. அந்த ஓட்டையை “கஷ்டமான கேம்” என்கிற பேர்ல நாமளே பெருமையாத் தூக்கிட்டுத் திரியறோம். அதோட விலையைக் கொடுக்கிறது, “எனக்கு வராது”ன்னு எந்திரிச்சுப் போறவங்க.

பரிட்சையை வெச்சு யோசிங்க. கேள்வி கஷ்டமா வந்தா, படிக்கலைன்னு ஒத்துக்கலாம். கொஸ்டின் பேப்பர்ல பிரிண்ட் அழிஞ்சு, கேள்வியே தெரியலைன்னா? அங்க போய் யாராவது “ஒழுங்கா படிச்சிருக்கணும்”னு சொன்னா சும்மா விடுவோமா? கேம்ல மட்டும் ஏன் விடறோம்?

கேமரா ஒரு சின்ன விஷயம்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு ஊர்க் கதை. ஆடித்தபசு அன்னிக்கு எங்க ஊர் ரத வீதியில கால் வைக்க இடம் இருக்காது. சின்ன வயசுல எனக்கு அம்பாளும் தெரியாது, சப்பரமும் தெரியாது, வேட்டி மட்டும்தான் தெரியும். அப்பா தூக்கித் தோள்ல உட்கார வெச்சதும் தெரு மொத்தமும் தெரியும். திருவிழா ஒண்ணுதான், நின்ன இடம் மாறிச்சு, அவ்வளவுதான். முப்பரிமாண கேம்ல கேமராவுக்கு இருக்கிற வேலை அப்பாவோட வேலை.

அது லேசான வேலை இல்ல. 1996ல சூப்பர் மாரியோ 64 வந்தப்போ, கேமராவைத் திருப்பறதுங்கிறதே பெரும்பாலான ஆளுங்களுக்குப் புதுசு. அதனால கேமரா ஒருத்தர் கையில இருக்கிற மாதிரியே காட்டினாங்க. மேகத்துல மிதந்துக்கிட்டே லாக்கிட்டுன்னு ஒரு ஆமை நம்மளைப் படம் பிடிச்சுக்கிட்டு வரும். 1998ல வந்த ஓக்கரினா ஆஃப் டைம் அடுத்த படி. ஒரு பட்டனைப் பிடிச்சா கேமரா எதிரி மேலயே பூட்டிக்கும். இன்னிக்குப் பல ஆக்‌ஷன் கேம்லயும் இருக்கிற லாக்-ஆன் வழக்கமானது அங்கிருந்துதான். அதை உருவாக்கினவங்க கியோட்டோவுல ஒரு சினிமா பார்க்ல நடந்த நிஞ்சா சண்டை ஷோவைப் பார்த்துட்டு வந்துதான் யோசனை பிடிச்சதா பின்னாடி சொல்லியிருக்காங்க. பத்து பேர் சூழ்ந்து நின்னாலும் ஒரு நேரத்துல ஒருத்தன்தான் அடிக்க வர்றான், மத்தவன் காத்திருக்கான்.

எங்கயோ பார்த்த மாதிரி இருக்கா? நம்ம படத்து ஃபைட் சீன்! அடியாளுங்க எல்லாம் வரிசையில நின்னு ஒவ்வொருத்தனா வந்து வாங்கிட்டுப் போவான். தியேட்டர்ல அதைக் கிண்டல் பண்றோம். கேம்ல அதுதான் நம்மளைக் காப்பாத்துது. பல ஆக்‌ஷன் கேம்கள்ல திரைக்கு வெளிய நிக்கிற எதிரியோட வேகத்தை வேணும்னே குறைச்சு வைக்கிறாங்க. பார்க்க முடியாதவனை எப்படித் தடுக்க முடியும்கிற அடிப்படை நியாயம்தான்.

இப்போ கொஞ்சம் இன்ஜினியரிங். நம்ம ஹீரோ முதுகுக்குப் பின்னாடி ஒரு கண்ணுக்குத் தெரியாத குச்சி இருக்கிறதா நினைச்சுக்கோங்க. குச்சி நுனியில கேமரா. அன்ரியல் எஞ்சின்ல இதுக்குப் பேரே ஸ்பிரிங் ஆர்ம். ஒவ்வொரு ஃப்ரேம்லயும் ஹீரோகிட்ட இருந்து கேமரா வரைக்கும் ஒரு கோடு விட்டுப் பார்க்கும். நடுவுல சுவர் இருந்தா குச்சி சுருங்கும், கேமரா முன்னாடி வரும். திறந்த வெளியில அருமையா வேலை செய்யும். முதுகு சுவத்துல ஒட்டிருச்சுன்னா குச்சிக்கு நீளமே கிடையாது. திரை முழுக்க ஹீரோவோட பின்மண்டை. அதோட லாக்-ஆனும் போட்டிருந்தீங்கன்னா, எதிரி பக்கவாட்டுல தாவுறப்போ கேமரா சுத்தும், அது சுத்தினதும் “முன்னாடி”ங்கிற திசையே மாறும். நீங்க அழுத்தினது சரியான பட்டன்தான். ஹீரோ போனது பள்ளத்துக்கு.

இதுக்குப் பேர்போன கேம் 2004ல எக்ஸ்பாக்ஸுக்கு வந்த நிஞ்சா கெய்டன். சண்டை அவ்வளவு அழகு, எதிரிங்க அவ்வளவு மூர்க்கம், கேமரா மட்டும் அடிக்கடி எதிர்க்கட்சி. அடுத்த வருஷம் வந்த நிஞ்சா கெய்டன் பிளாக்ல, ஆரம்பத்துலயே திரும்பத் திரும்பச் செத்தா ஒரு சுலப மோடு தருவாங்க. அதுக்குப் பேர் “நிஞ்சா நாய்”. ஹீரோவுக்கு ஒரு ரிப்பனும் கட்டிவிட்டு அனுப்புவாங்க. உதவி கேட்டவனுக்கு அவமானத்தையும் சேர்த்துக் கட்டிக் கொடுக்கிறது! சென்டர்ல “எந்திரி”ன்னவனும் இதுவும் ஒரே ஜாதகம்.

இதே கஷ்டத்தை நியாயமாவும் செய்யலாம். 2018ல வந்த காட் ஆஃப் வார்ல கேமராவைத் தோளுக்குப் பக்கத்துல கொண்டுவந்து வெச்சாங்க. பின்னாடி வர்றவன் தெரிய மாட்டான். ஆனா அது அவங்களுக்கும் தெரியும். அதனால கிராட்டோஸைச் சுத்தி சின்ன அம்புக்குறி வரும், அடி வர்றப்போ நிறம் மாறும், பையன் அட்ரேயஸ் கத்தி எச்சரிப்பான். 2019ல வந்த செகிரோ இன்னும் கஷ்டம். ஆனா தடுக்கவே முடியாத அடி வர்றதுக்கு முன்னாடி தலைக்கு மேல சிவப்பு எழுத்து மின்னும், கூடவே ஒரு சத்தம். செத்தா யார் தப்புன்னு உங்களுக்கே தெரியும். அந்த செகிரோவுலயும் சுவத்து ஓரமா மாட்டினா கேமரா கைவிரிக்கத்தான் செய்யும். அங்க சாகிறதை மட்டும் நான் “கஷ்டம்” கணக்குல சேர்க்க மாட்டேன்.

நம்ம நாட்டுலயும் ஒரு உதாரணம் இருக்கு. புனேயில இருக்கிற நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் 2020ல வெளியிட்ட ராஜி. துர்க்கை, விஷ்ணு கதைகள், ராஜஸ்தான் பாணி அரண்மனை, ஒவ்வொரு காட்சியும் ஓவியம். கேமரா நம்ம கையில கிடையாது, அவங்க வெச்ச கோணம்தான். அந்த அழகுக்குக் காரணமே அதுதான். ஆனா தாவுற இடத்துல விளிம்பு எவ்வளவு தூரம்னு கண்ணுக்கு மட்டுப்படலைன்னா அழகும் அதுதான், ஆபத்தும் அதுதான். எனக்கு ராஜி ரொம்பப் பிடிச்ச கேம். பிடிச்சதுங்கிறதுக்காக இதைச் சொல்லாம விட்டா, நம்ம ஊர் கேம்கள் எப்படித்தான் அடுத்த படிக்குப் போகும்?

மத்தவங்களைச் சொல்லியாச்சு. இப்போ என் கதை.

போன வருஷம் மினி புராஜெக்டுக்கு நாங்க மூணு பேர் சேர்ந்து யூனிட்டியில ஒரு ஆக்‌ஷன் கேம் பண்ணினோம். கதை எங்க ஊர் விசைத்தறிக் கூடத்துல நடக்கும். வரிசையா தறி, நடுவுல ஒடுக்கமான சந்து, கடைசியில பாஸ். சிம்போசியத்துல ஸ்டால் போட்டோம். கூட்டம் நல்லாத்தான் வந்துச்சு. பாஸை முடிச்சது ரெண்டே பேர். ரெண்டு பேரும் எங்க டீம். எங்களுக்குப் பெருமை தாங்கலை. “எங்க கேம் செகிரோ லெவல்”னு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வேற.

லீவுக்கு ஊருக்குப் போனப்போ சித்தி பொண்ணு விளையாடக் கேட்டா. பத்தாவது படிக்கிறா. அஞ்சு தடவை செத்தா. ஆறாவது தடவை லேப்டாப்பை என் பக்கம் தள்ளிட்டு, “எனக்கு இதெல்லாம் வராதுக்கா”ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டா.

நான் எதையோ சொல்லிச் சமாளிக்க வாயைத் திறந்தேன். சொல்ல ஒண்ணும் இல்ல. ஏன்னா பக்கத்துல உட்கார்ந்து நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். அஞ்சுல நாலு தடவை அவ செத்தப்போ திரையில பாஸே இல்ல. தறியோட இரும்புச் சட்டம்தான் இருந்துச்சு. கேமரா தறிக்குள்ள போயிருந்துச்சு. ஸ்டால்ல முப்பது நாற்பது பேர் இதே மாதிரி செத்திருப்பாங்க, நாங்க ஸ்கோரைப் பார்த்தோமே தவிர திரையைப் பார்க்கலை. நாங்க மட்டும் எப்படி முடிச்சோம்? தறி எங்க இருக்குன்னு மனப்பாடம். வெச்சவங்களே நாங்கதானே.

அந்த வாரமே உட்கார்ந்து மாத்தினோம். சந்தை ரெண்டு மீட்டர் அகலப்படுத்தினோம். கேமராவுக்கும் ஹீரோவுக்கும் நடுவுல வர்ற தறியைக் கண்ணாடி மாதிரி மங்க வெச்சோம். பாஸ் அடிக்கக் கை ஓங்குறப்போ தறி ஓடுற சத்தம் ஒண்ணு சேர்த்தோம். பாஸோட உயிர், அடியோட வேகம், ஒரு எண்ணைக்கூடக் குறைக்கலை. மறுபடி சித்தி பொண்ணுகிட்ட கெஞ்சிக் கொடுத்தேன். பதிமூணு தடவை செத்தா. ஆனா ஒவ்வொரு தடவையும் “ச்சே, அவசரப்பட்டுட்டேன்”, “இடது பக்கம் போயிருக்கணும்”னு அவளே சொன்னா. பதினாலாவது தடவை அவ போட்ட சத்தத்துல சித்தி அடுப்படியில இருந்து ஓடி வந்துட்டாங்க.

அஞ்சு தடவையில விட்டவ பதினாலு தடவை நின்னா. கேம் சுலபமாகலை, நியாயமாச்சு.

“கஷ்டத்தைக் குறைச்சா கேமோட உயிரே போயிடும்”னு சொல்ற நண்பர்களே, உங்களோட எனக்குச் சண்டை இல்ல. பாஸ் என்னை ஐம்பது தடவை கொல்லட்டும். ஆனா அந்த ஐம்பதும் அவன் கையால நடக்கணும். இன்னொண்ணு, எல்லாரும் ஒரே கேமைத்தான் விளையாடறோம்னு நினைக்காதீங்க. கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு அடியைத் தடுக்க 100 மில்லி செகண்ட் அவகாசம்னு வெச்சுக்குவோம். நொடிக்கு 60 ஃப்ரேம் ஓடுற கம்ப்யூட்டர்ல அது 6 ஃப்ரேம். கிராபிக்ஸ் கார்டு இல்லாத நம்ம ஹாஸ்டல் லேப்டாப்ல 20 ஃப்ரேம் ஓடினா, 2 ஃப்ரேம். அதையும் டச்பேடுல திருப்பணும். அவனைப் பார்த்து “ஸ்கில் இல்ல”ன்னு சொல்றப்போ, பாதி நேரம் “காசு இல்ல”ன்னுதான் சொல்றோம். செலஸ்டே மாதிரி கேம்கள்ல, 2018லயே, வேகத்தை நீங்களே குறைச்சுக்கிற அசிஸ்ட் மோடு வந்தாச்சு. அதுல நாயும் இல்ல, ரிப்பனும் இல்ல. அதால செலஸ்டேவோட கெத்து குறைஞ்சா போச்சு?

நம்மள்ல பல பேர் நாளைக்கு கேம் பண்ணப் போறோம். இல்லைன்னா ஆப், வெப்சைட், ஏதோ ஒண்ணு பண்ணப் போறோம். யாராவது அதுல தடுமாறுறப்போ “உங்களுக்குப் பயன்படுத்தத் தெரியலை”ன்னு சொல்றது ரொம்ப ஈஸி. அதனால ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை உங்க புராஜெக்ட்ல ஒரு ஜூனியர் தோத்தா, “எத்தனை தடவை டிரை பண்ணின?”ன்னு கேக்காதீங்க. “கடைசியா திரையில என்ன தெரிஞ்சுது?”ன்னு கேளுங்க. பதில் “பாஸ்”னா, போய்ப் பழகச் சொல்லுங்க. பதில் “சுவரு”ன்னா, நீங்க போய் சுவத்தை நகர்த்துங்க.

மறுப்பு இருக்கிறவங்க அடுத்த இதழுக்கு எழுதி அனுப்புங்க. ஹெலிகாப்டர் மிஷனை முதல் தடவையே முடிச்சேன்னு சொல்றவங்க மட்டும் வீடியோவோட வாங்க.